ஒரு ஒயினுக்கும் அடுத்த ஒயினுக்கும் நடுவே வாயை எதனால் கழுவுவது?

பெரம்பூர் வாசகர் — 18 நவம்பர் 2024

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நண்பர்கள் கூடி எட்டு ஒயின்களைச் சுவைத்து மதிப்பெண் போடுவதாக இருக்கிறோம். நான்கு வெள்ளை, நான்கு சிவப்பு. நாசிக்கிலிருந்து பாதி, நந்தி மலைப் பக்கத்திலிருந்து பாதி. கீழ் வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஆண்டுதோறும் காய்ச்சித் தரும் இஞ்சி ஒயினும் உண்டு. இரண்டு ஒயின்களுக்கு நடுவே என்ன சாப்பிட வேண்டும் என்பதில்தான் இப்போது சண்டை. ஒருவர் எலுமிச்சை ஐஸ் என்கிறார், ஒருவர் சீஸ் என்கிறார், ஒருவர் காப்பிக்கொட்டையை முகர்ந்தால் போதும் என்கிறார். வெறும் தண்ணீரே போதும், மற்றதெல்லாம் படம் காட்டுவது என்பது என் கட்சி. சரிதானே?

18 நவம்பர், இரவு

உங்கள் கட்சி பாதி வழி வரை வெல்லும். நான்கு வெள்ளை ஒயின்களுக்குத் தண்ணீர் போதும். சிவப்பு தொடங்கியதும் போதாது.

வெள்ளை ஒயினில் மேலோங்கி நிற்பவை புளிப்பும், மிச்சமிருக்கும் சர்க்கரையும், மணமும். இவற்றை ஒரு மிடறு நீர் பெரும்பாலும் அடித்துச் சென்றுவிடும்; மீதியை உமிழ்நீர் பார்த்துக்கொள்ளும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது உமிழ்நீரில் உள்ள, புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்களைப் பற்றிக்கொண்டு திரள வைக்கிறது. வாயை வழவழப்பாக வைத்திருந்த பொருள் அப்படித் திரண்டு விலகியதும் நாக்கும் அண்ணமும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றையொன்று உரசத் தொடங்குகின்றன. அந்த உரசல்தான் துவர்ப்பு. நம்முடைய அறுசுவைக் கணக்கில் அது ஒரு சுவைதான் என்றாலும் உடலியல் ஆய்வாளர் பலர் அதைத் தொடுவுணர்ச்சியின் பக்கம் வைப்பதற்குக் காரணம் இதுவே. தண்ணீர் ஒயினைக் கழுவிவிடும். தீர்ந்துபோன வழவழப்பைத் திருப்பித் தராது. ஆகவே அடுத்த சிவப்பு ஒயின் ஏற்கெனவே வறண்டிருக்கும் வாயில் விழுகிறது, அதன் டானின் அளவு எதுவாக இருந்தாலும் முன்னதைவிடக் கடுமையாகத் தோன்றுகிறது. எட்டாவது பாட்டிலுக்கு மதிப்பெண் குறைந்தால் அந்தக் குறை பாட்டிலுடையதா, எட்டாவதாக வந்ததுடையதா என்று உங்களால் சொல்ல முடியாமல் போகும்.

ஜார்ஜ் டவுனில் தேயிலை வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றில் நான் நெடுங்காலம் வேலை பார்த்தேன். அங்கே வரிசையாகக் கோப்பைகளை வைத்து உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவோம். பால் சேராத தேநீரில் கோப்பைக்குக் கோப்பை துவர்ப்பு ஏறிக்கொண்டே போவதைத் தினமும் பார்த்தவன் என்பதால் ஒயினில் அதே நோயை உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

19 நவம்பர்

பிறகு என்னதான் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உப்பும் இனிப்பும் கொழுப்பும் இல்லாத மாவுப்பண்டம் ஒன்று, அதன்பின் தண்ணீர், அதன்பின் சிறிது பொறுமை.

2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இனிப்பு, கசப்பு, துவர்ப்பு, காரம், கொழுப்பு என்று வெவ்வேறு வகையில் வாயில் தங்கும் உணவுகளைக் கொடுத்து, நடுவே தண்ணீர், வெதுவெதுப்பான நீர், பால், சாக்லேட், பெக்டின் கரைசல், மெல்லிய பிஸ்கட் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லா வகை உணவுக்கும் ஈடுகொடுத்தது அந்த பிஸ்கட் மட்டுமே. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட அந்த வகை பிஸ்கட் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது. விலையைப் பார்த்தால் ஒயினே மலிவு என்று தோன்றும்.

நம் பக்கத்தில் அதற்கு ஈடாக எதை வைப்பது என்பதில் எனக்குப் பல நாள் யோசனை இருந்தது. டீக்கடைப் பொறை முதலில் நினைவுக்கு வரும். நன்றாகக் காய்ந்தது, உமிழ்நீரைச் சுரக்க வைப்பது. ஆனால் மாவில் சர்க்கரை உண்டு, அதனால் அடுத்து வரும் உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத, வெள்ளை ஒயின் தேவைக்கு மேல் புளிக்கும். கடை பிரெட்டும் அப்படியே, நம் ஊரில் அது பாதி கேக். பொரியை வறுக்கும்போதே அரிசியில் உப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். இட்லி மாவு புளித்தது. கடைசியில் நான் வந்து நின்றது உப்புப் போடாமல் பிழிந்த இடியாப்பத்தில். வாயில் ஒட்டாது, மணமில்லாதது, மலிவானது. முதல் முறை தட்டில் வைத்தபோது குருமா எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடியாப்பமானாலும் பிஸ்கட்டானாலும் சுவைத்துச் சுவைத்துத் தின்னக் கூடாது. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கிறது; வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்குக் காரணம் அதுதான். சிறு துண்டை எடுத்து, நாலு கடி கடித்து, விழுங்கி, தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும்.

19 நவம்பர், சற்று நேரம் கழித்து

எலுமிச்சை ஐஸ் வேண்டவே வேண்டாம். அது நீண்ட விருந்தில் மீனுக்கும் இறைச்சிக்கும் நடுவே வயிற்றுக்கும் மனத்துக்கும் இளைப்பாறுதல் தருவதற்காக வந்த வழக்கம். ஒயினுக்கு நடுவே அதை வைத்தால் மூன்று கேடுகளை ஒரே கரண்டியில் கொடுத்ததாக ஆகும்: புளிப்பு அடுத்த ஒயினின் புளிப்பை மழுங்கடிக்கும், சர்க்கரை அதன் இனிப்பை மறைக்கும், குளிர்ச்சி நாக்கை மரத்துப்போக வைக்கும். ஐஸ் தண்ணீருக்கும் இதே காரணத்தால் தடை. அறை வெப்பத்தில் உள்ள நீர் போதும்.

21 நவம்பர்

கொளத்தூரிலிருந்து ஒருவர், "உங்கள் வாதப்படி புளிப்பு நீரால் போய்விடுமே, பிறகு எலுமிச்சையால் என்ன கெடுதல்?" என்று மடக்கியிருக்கிறார். நல்ல பிடிதான். புளிப்புப் பொருள் வாயைவிட்டுப் போய்விடும். நாக்கின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நாக்கு எதில் ஊறியிருக்கிறதோ அதையே சுழியாக வைத்துக்கொண்டு அடுத்ததை அளக்கிறது. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிப்பதைப் பள்ளிக்கூட வாசலிலேயே எல்லோரும் படித்திருக்கிறோம். கூனைப்பூ என்னும் ஆர்ட்டிசோக்கைச் சாப்பிட்டபின் வெறும் நீர் இனிப்பதை லிண்டா பார்தோஷுக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1972-இல் ஆய்வகத்தில் காட்டினார். உப்புக் கரைசலில் நாக்கு ஊறியிருந்தால் அதே நீர் சற்றுப் புளிப்பாகவோ கசப்பாகவோ தெரியும் என்பதும் அவருடைய ஆராய்ச்சியில் உண்டு. ஒன்றும் இல்லாத நீரையே இப்படி மாற்றிக் காட்டும் நாக்கு, ஒயினை என்ன செய்யாது?

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முடிவு ஒன்று உண்டு, இந்தப் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே போகும். வாயை அப்பழுக்கில்லாமல் துடைத்துவிட முடியாது, துடைக்கவும் தேவையில்லை. எட்டு ஒயின்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள வாய்க்குள் நுழைய வேண்டும், அவ்வளவே. ஆகவே எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதற்குச் சமமாக, ஒவ்வொரு முறையும் அதையே, அதே அளவில், அதே இடைவெளியில் சாப்பிடுகிறீர்களா என்பதும் முக்கியம். முதல் ஒயினுக்கு முன்பும் அந்த இடியாப்பத் துண்டைத் தின்றாக வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். மற்றவற்றுக்கு முன் வாயைக் கழுவிவிட்டு, முதல் ஒயினை மட்டும் மதியச் சாப்பாட்டின் ரசத்தோடு வரவேற்கிறார்கள்.

மதிப்பெண் கணக்கில் சேராத ஒரு ஒயினை முதலில் ஊற்றி எல்லோரும் ஒரு வாய் சுவைத்துவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது. முதலாவதாக வரும் ஒயினுக்குப் புது வாயும் பசியும் உற்சாகமும் சேர்ந்து கொடுக்கும் சலுகை அந்தக் கணக்கில் சேராத பாட்டிலோடு போய்விடும்.

22 நவம்பர்

காப்பிக்கொட்டை: வாசனைத் திரவியக் கடைகளில் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்களே, அந்த வழக்கம் ஒயினுக்கும் தொற்றியிருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் காப்பிக்கொட்டை, எலுமிச்சைத் துண்டு, வெறும் காற்று மூன்றையும் முகர வைத்துப் பார்த்ததில் ஒன்றுக்கொன்று வேறுபாடு தென்படவில்லை. மூக்கு சலித்துவிட்டால் கோப்பையிலிருந்து முகத்தைத் திருப்பி, மடக்கிய முழங்கையின் உட்புறத்தில் உங்கள் சட்டையையே முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். உங்கள் வாசனைக்கு உங்கள் மூக்கு ஏற்கெனவே பழகியிருப்பதால் அது புதிய சுமை எதையும் ஏற்றாது.

மாடியில் அன்று கொசுவத்தி கொளுத்த வேண்டாம். மின்விசிறி வையுங்கள். மணலித் தொழிற்சாலைகளின் பக்கத்துக் காற்று வீசினால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதற்கு இடியாப்பம் போதாது.

25 நவம்பர்

இனி சீஸ். இதில்தான் எனக்கு இரண்டு மனம் இருக்கிறது.

ஒயின் வியாபாரிகளிடையே பழைய சொல் ஒன்று உண்டு: வாங்கும்போது ஆப்பிளைக் கடித்துக்கொண்டு வாங்கு, விற்கும்போது சீஸைக் கொடுத்து விற்றுவிடு. ஆப்பிளின் இனிப்பும் புளிப்பும் ஒயினின் உடம்பை மெலிய வைத்துக் குறைகளை வெளியே காட்டும். சீஸ் அவற்றை மூடிவிடும். இது வெறும் சொல்வழக்கு இல்லை என்பதை 2006-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பயிற்சி பெற்ற சுவைப்பாளர்களைக் கொண்டு சோதித்தார்கள். சீஸ் சாப்பிட்டபின் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் ஓக் மரப் பீப்பாயின் வாசமும் குறைவாகத் தெரிந்தன. கூடியது வெண்ணெய் வாசம் மட்டுமே, அது சீஸிலிருந்தே வந்திருக்கலாம். குடிப்பதற்கு இதைவிடச் சுகம் இல்லை. மதிப்பிடுவதற்கு இதைவிடக் கேடும் இல்லை, ஏனென்றால் நல்லதும் சுமாரானதும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

ஆனால் கொழுப்பு துவர்ப்பைத் தீர்க்கிறது என்பதும் உண்மையே. பிலடெல்பியாவில் சுவையையும் மணத்தையும் ஆராயும் மோனெல் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உலர்ந்த இறைச்சித் துண்டையும் தேநீரையும் மாறிமாறிக் கொடுத்தார்கள். துவர்ப்பான தேநீர் கொழுப்பின் வழவழப்பைக் குறைத்தது. வெறும் நீர் அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. மிக மெல்லிய துவர்ப்புகூட மிடறுக்கு மிடறு சேர்ந்து பெருகுகிறது என்பதும் அதில் தெரிந்தது. கொழுப்பும் துவர்ப்பும் வாய்க்குள் எதிரெதிர் முனைகளில் நிற்பவை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

கலிபோர்னியாவில் நடக்கும் சில ஒயின் போட்டிகளில் நடுவர்களுக்கு உப்புக் குறைந்த ஆலிவ் காயும், அரைகுறையாக வாட்டிய மாட்டிறைச்சியின் மெல்லிய சீவலும் வைப்பதன் பின்னால் இருக்கும் அறிவு இதுதான்: கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதம், டானின் பற்றிக்கொள்வதற்கு உமிழ்நீரைத் தவிர வேறொன்று. புளியந்தோப்பில் உப்பும் மிளகும் போடாத மாட்டிறைச்சியைக் கேட்டால் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள், அது வேறு விஷயம்.

என் நடைமுறை இது. சிவப்பு ஒயின்கள் நான்குக்கும் நடுவே இடியாப்பமும் தண்ணீரும். வாய் முற்றிலும் வறண்டுவிட்டதாகத் தோன்றினால் வரிசையை நிறுத்திவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு துண்டு தின்று, கொப்பளித்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒயின் செய்பவர்களே கடுமையான சிவப்பு ஒயினிலிருந்து டானினைக் குறைக்கப் பீப்பாயில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். புரதமும் டானினும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். பீப்பாயில் நடப்பதில் கொஞ்சம் வாயிலும் நடக்கட்டும். மஞ்சள் கரு வேண்டாம், அதன் வாசனை லேசில் போகாது.

25 நவம்பர், இரவு

மோர் கொடுக்கலாமா என்று திருவொற்றியூரிலிருந்து கேள்வி. பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் டானினைப் பற்றிக்கொள்ளும் என்பது சரி. டிகாக்‌ஷனில் பால் விழுந்ததும் கடுமை தணிவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மோரில் புளிப்பு, உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஒரு கல்யாணமே இருக்கிறது. வெறும் பாலும் நாக்கில் படலம் விட்டுவிடும். ஆகவே வேண்டாம். வெண்டைக்காய் ஊறிய வழவழப்பான நீரைப் பரிந்துரைத்தவருக்கும் இதே பதில். அதை நான் குடித்துப் பார்த்தேன். துவர்ப்பு குறைந்தது, ஒயின் குடிக்கும் ஆசையும் குறைந்தது.

28 நவம்பர்

தண்ணீரைப் பற்றி நான் போதிய அளவு சொல்லவில்லை. எந்தத் தண்ணீர்?

கடற்கரையை ஒட்டிய நம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். அதில் வாயைக் கொப்பளித்துவிட்டு வெள்ளை ஒயினைக் குடித்தால், பார்தோஷுக் காட்டிய அதே வேடிக்கையை வீட்டிலேயே பார்க்கலாம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் வட சென்னையின் பல பகுதிகளுக்கு வந்திருக்கிறது; குழாய் நீரில் குளோரின் வாசம் இருக்கும் நாளும் உண்டு. கொதிக்கவைத்து, திறந்த பாத்திரத்தில் ஆறவிட்டால் அந்த வாசம் பெரிதும் போய்விடும். கேன் தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாமல் சப்பென்று இருக்கும். எல்லோரும் திட்டும் அந்தச் சப்பென்ற தன்மை இந்த ஒரு வேலைக்குப் பொருத்தமானது. கேன் ஒன்றையே மாலை முழுவதும் பயன்படுத்துங்கள், நடுவில் மாற்ற வேண்டாம். சோடா கூடாது, அதில் கரைந்திருக்கும் கார்பானிக் அமிலத்துக்குத் தனிப் புளிப்பும் குத்தலும் உண்டு.

கோப்பையைத் தண்ணீரால் கழுவி ஈரத்தோடு அடுத்த ஒயினை ஊற்றுவதும் வேண்டாம். வரப்போகும் ஒயினில் ஒரு சொட்டு ஊற்றிச் சுழற்றிக் கீழே கொட்டினால் போதும்.

30 நவம்பர்

காசிமேட்டுக்காரர் ஒருவர், தன்னுடைய அனுபவத்தில் வஞ்சிரம் வறுவல்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வாயைத் துடைக்கிறது என்றும், ஆனால் சிவப்பு ஒயினோடு மட்டும் ஏதோ இரும்புக் கறை போல அடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் நாக்கு துல்லியமானது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களைக் கடற்சிப்பி இறைச்சியோடு சுவைக்க வைத்து, மீன் கவிச்சை தூக்கலாகத் தெரிந்தது ஒயினில் உள்ள இரும்பின் அளவைப் பொறுத்தே என்று கண்டார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போனால் கவிச்சை எழும்பியது. இரும்பைக் கட்டிவைக்கும் பொருளைச் சேர்த்தால் அடங்கியது. இரும்பின் அளவு திராட்சை விளைந்த மண்ணையும் தூசியையும் ஒயின் செய்த பாத்திரத்தையும் பொறுத்து மாறும் என்பதால் எல்லாச் சிவப்பு ஒயினும் மீனோடு சண்டை போடுவதில்லை. வெள்ளையிலும் சில போடும்.

வறுவலின் எண்ணெய் துவர்ப்பைத் தீர்ப்பதும் உண்மை. அதில் மிளகாய் இருக்கிறதே என்பதுதான் சிக்கல். காரம் சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தொடுவது. தண்ணீருக்குக் கரையாது, சிறிது நேரத்துக்கு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும், ஒயினில் உள்ள ஆல்கஹாலின் எரிச்சலையும் கூட்டிக் காட்டும். மதிப்பெண் தாளை வாங்கி வைத்தபின் வறுவலைக் கொண்டுவாருங்கள், நானும் வருகிறேன்.

3 டிசம்பர்

துப்புவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூச்சம் போலும். தலைக்கு 50 மில்லி வீதம் எட்டு ஒயின்கள் என்றால் 400 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் பாதிக்கு மேல். 13 சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால் 52 மில்லி சுத்தமான சாராயம் உடம்புக்குள் போகிறது. ஆறாவது ஒயினுக்கு மேல் போடும் மதிப்பெண்ணை அதற்கு மேல் யார் நம்புவது? வாய்க்கு இடியாப்பம் செய்யும் உதவியை மூளைக்குச் செய்ய வேறு பண்டம் கிடையாது. தாத்தா காலத்து வெற்றிலைப் படிக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். புளி போட்டுத் துலக்கி ஆளுக்கு ஒன்று வையுங்கள். இல்லையென்றால் உள்ளே தெரியாத பிளாஸ்டிக் குவளை போதும்.

அந்த வெற்றிலையும் பாக்கும் அன்று முழுவதும் தடை. பாக்கின் துவர்ப்பு எந்த ஒயினின் துவர்ப்பையும் தூக்கி விழுங்கிவிடும்.

3 டிசம்பர், மீண்டும்

பல் துலக்கிவிட்டு வரலாமா என்ற கேள்விக்கு: காலையில் துலக்கியது போதும். பற்பசையில் நுரை வரச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இனிப்பை அமுக்கிக் கசப்பைத் தூக்கும். துலக்கிய கையோடு ஆரஞ்சுச் சாறு குடித்தவர்களுக்குத் தெரியும்.

11 டிசம்பர்

ராயபுரத்தில் ஒருவர் சர்க்கரை நோய்க்காகச் சிறுகுறிஞ்சான் தூளை நாள்தோறும் சாப்பிடுகிறாராம். அது குறுக்கே வருமா என்கிறார். மாத்திரையாக விழுங்கினால் நாக்கில் படாது, கவலையில்லை. தூளை நாக்கில் போட்டு நீர் குடிப்பவர் என்றால் கட்டாயம் குறுக்கே வரும். அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பியை அடைத்துக்கொள்வதால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சர்க்கரை மணல்போல் இருக்கும். தாமதமாக அறுவடை செய்த செனின் பிளாங்க் போன்ற இனிப்பு ஒயின் அவருக்கு வெறும் புளிப்புத் தண்ணீராகத் தெரியும், பாவம் அந்த ஒயின் என்ன செய்யும். அன்று தூளை இரவுக்குத் தள்ளிவைக்கலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் ஒயினையும் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

14 டிசம்பர்

வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல வரிசை பாதி இடியாப்பத்தை மிச்சப்படுத்தும். உலர்ந்த வெள்ளை, பழ மணம் மிகுந்த வெள்ளை, மெல்லிய சிவப்பு, கனத்த சிவப்பு, பிறகு இனிப்பு. வெள்ளையில் இனிப்பான ஒன்று இருந்தால் அதை மட்டும் எடுத்துக் கடைசியில் வையுங்கள். இஞ்சி ஒயின் எல்லாவற்றுக்கும் பின்னால்தான். பட்டை, கிராம்பு, காய்ந்த மிளகாய், கருக்கிய சர்க்கரை, எலுமிச்சை எல்லாம் சேர்ந்த அந்தப் பானத்தில் பெரும்பாலும் ஆல்கஹால் இல்லை என்றாலும், இஞ்சியின் காரம் மிளகாய் தொடும் அதே ஏற்பியைத் தொடுகிறது. அதைக் குடித்த வாய்க்கு அன்று வேறு வேலை கொடுக்கக் கூடாது.

ஒரு சோதனையும் செய்யலாம். சிவப்பு ஒயின்களில் ஒன்றை, பாட்டிலைத் துணியால் மூடி, வேறு எண் கொடுத்துக் கடைசியில் இன்னொரு முறை ஊற்றுங்கள். பாதிப் பேருக்குத் தண்ணீர் மட்டும், பாதிப் பேருக்கு இடியாப்பமும் தண்ணீரும். உங்கள் கட்சியா என் கட்சியா என்பது அங்கே தெரிந்துவிடும்.

22 டிசம்பர்

நேற்று பெரம்பூர் போய் வந்தேன். மூடிய பாட்டிலில் இரண்டு முறை வந்தது கேபர்னே சாவிஞான், ஷிராஸ் என்னும் இரண்டு சிவப்பு ஒயின் திராட்சைகள் கலந்த ஒயின். தண்ணீர் மட்டும் குடித்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் முறை அதைக் கடுமையானது, கசப்பானது என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். ஒருவர் முதல் முறை "மிருதுவானது" என்று எழுதியிருந்த அதே ஒயின். இடியாப்பக்காரர்களின் இரண்டு மதிப்பெண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது என்றாலும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் கேள்வி கேட்ட பெரம்பூர்க்காரரே தண்ணீர்க் கூட்டத்தில் இருந்தார், அவர் இரண்டு முறையும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தார், குறிப்பும் ஏறத்தாழ ஒன்றேதான். அதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உமிழ்நீர் சுரக்கும் வேகமும், அதிலுள்ள புரதத்தின் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. நன்றாகச் சுரப்பவருக்குத் துவர்ப்பு சீக்கிரம் ஏறாது, சீக்கிரம் இறங்கியும் விடும். அவருக்குத் தண்ணீர் உண்மையிலேயே போதும் போலிருக்கிறது. ஆகவே நவம்பர் 18-ஆம் தேதி நான் பொத்தாம்பொதுவாகப் போட்ட கோட்டை இப்படி நகர்த்துகிறேன்: சிவப்பு ஒயினுக்குத் தண்ணீர் பலருக்குப் போதாது, சிலருக்குப் போதும், நீங்கள் எந்த வகை என்பதை மூடிய பாட்டில் ஒன்றுதான் சொல்லும்.

இன்னொன்றும் கவனித்தேன். இடியாப்பத் தட்டு காலியானதும் இரண்டு பேர் பக்கத்துக் கடைப் பொறையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய தாளில் ஏழாவது ஒயினின் புளிப்பு திடீரென்று ஏறியிருந்தது. எட்டு ஒயினுக்கும் தேவையானதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிழிந்து வையுங்கள்.

23 டிசம்பர்

புத்தாண்டுக்கு இதே போல் நடத்தப்போகும் ராயபுரத்து நண்பர்கள், பாரிமுனையில் பர்மிய நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டுவிட்டு நேரே வந்து தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். பச்சை வெங்காயமும் வறுத்த பூண்டும் மிளகாய்த் தூளும் உள்ள ஒரு தட்டுக்குப் பிறகு எந்த இடியாப்பமும் உதவாது. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் இரத்தத்தில் கலந்து மூச்சிலேயே மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்கும், வாயைக் கழுவிப் பயன் இல்லை. மாலை ஐந்து மணிக்கு மசாலா இல்லாத எதையாவது அரை வயிறு சாப்பிட்டுவிட்டு ஆறரைக்குத் தொடங்குங்கள். எட்டரைக்குள் முடிந்துவிடும், அத்தோ கடைகளில் வாழைத்தண்டு சூப் அப்போதும் சூடாகத்தான் இருக்கும். வண்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள்.